இடது பக்கம் ஸ்டியரிங் இருந்த வண்டி

என் கணவருக்கு ஆசைகள் காய்ச்சலைப் போல வரும். விசுவமடுவில் காணி கிடைத்து நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வந்த முதல் வருடம் அவருக்குத் தேனீ வளர்க்கும் ஆசை வந்தது. தேனீக்கள் ஒரு வாரம் பெட்டிக்குள் இருந்து பார்த்துவிட்டுக் காட்டுக்குத் திரும்பிப் போயின. அடுத்த வருடம் மேட்டுக் காணியில் திராட்சைப் பந்தல் போட்டார். பந்தல் நன்றாகத்தான் இருந்தது; அதில் பிறகு பாகற்கொடி படர்ந்தது. ஒவ்வொரு ஆசையும் இறங்கிய பிறகு சில மாதம் நல்ல பிள்ளையாக வயலைப் பார்ப்பார். நானும் ஆறுதலாக மூச்சு விடுவேன்.

வண்டி ஆசைக்கு மட்டும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் வயலிலிருந்து பெரிய வீதிக்கு வரும் பாதை களிமண் பாதை. கோடையில் அது கல்லைப் போல இருக்கும். மாரியில் அதற்குள் மாட்டுவண்டி இறங்கினால் அச்சு வரைக்கும் போய் நிற்கும். நெல் மூட்டையை இறக்கி, மாட்டை அவிழ்த்து, வண்டியைத் தூக்கி, மறுபடி மூட்டையை ஏற்றி வீதிக்கு வருவதற்குள் மனிதர்கள் ஆளையாள் முகம் பார்க்காத நிலைக்கு வந்துவிடுவார்கள். வாடகைக்கு வரும் உழவு மிசினோ, அதன் சொந்தக்காரருக்கு மனம் வந்தால்தான் வரும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. ஒருநாள் பலகை வாங்க மல்லாவிப் பக்கம் போன என் கணவர் பலகை இல்லாமல் திரும்பி வந்தார். கால் கழுவினார், பலகையைப் பற்றிச் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த ஆசை ஏறிவிட்டது என்று எனக்கு விளங்கியது.

"இஞ்சாரும்," என்றார், இரண்டாம் முறை சோறு போடும்போது. "நாலு சில்லும் இழுக்குமாம்."

"என்னத்தை இழுக்குமாம்?"

"எல்லாத்தையும்."

கதை இதுதான். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் பட்டாளத்துக்காக வந்த, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஒரு பிக்கப், யுத்தம் முடிந்தபின் கைமாறிக் கைமாறி காட்டு மரம் வெட்டக் குத்தகை எடுத்த ஒரு கொந்தராத்துக்காரரிடம் வந்து சேர்ந்திருந்தது. அவர் அதைக் காட்டுக்குள் முதிரைக் குற்றி இழுக்க விட்டு, அது இனி முடியாது என்று நின்றபோது நின்ற இடத்திலேயே விட்டுவிட்டார். அதைத்தான் இவர் எங்கள் நெல்லில் ஒரு பங்குக்குப் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். திருத்தி எடுத்தால் வயலுக்கும் ஓடும், காட்டுக்கும் ஓடும், பின்னால் ட்ரெய்லர் பூட்டி மூட்டை ஏற்றலாம், புதைந்த வண்டிகளை இழுத்து எடுக்கலாம் என்று என்னிடம் விளக்கினார். நான் கேட்டது ஒன்றுதான்.

"இப்ப ஓடுமோ?"

"இப்ப ஓடாது. திருத்தினால் ஓடும் எண்டுதானே சொல்லுறன்."

ஒரு மர லொறியில் ஏறி வந்து, பலகைகளின் மேல் சறுக்கி, எங்கள் பாலை மரத்தடியில் அது இறங்கியது. நான் அடுப்படிக் குசினி வாசலில் நின்று பார்த்தேன். எஞ்சினுக்கு மேலிருக்கும் முன்மூடி இல்லை. பின்தட்டின் பலகையைக் கறையான் சாப்பிட்டு முடித்திருந்தது. ஆசனத்தில் சுருள் கம்பிகள் மட்டும் எழுந்து நின்றன. ரயர்கள் நான்கும் நான்கு விதம். எல்லாவற்றையும் விட எனக்கு விசித்திரமாகப் பட்டது, ஸ்டியரிங் இடது பக்கத்தில் இருந்ததுதான்.

"இது அமெரிக்க வண்டி," என்றார் பெருமையாக. "அவங்கள் அப்பிடித்தான் ஓட்டுறவங்கள்."

அந்த நேரம் ஆசனத்தடியிலிருந்து ஒரு உடும்பு மெதுவாக இறங்கியது. எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு வாய்க்கால் பக்கமாக நடந்து போனது. வீட்டை விற்றுவிட்டுப் போகிற ஆளைப் போல அதற்கு ஒரு மரியாதையான நடை இருந்தது.

வண்டியைத் திருத்துவதற்கு ஆள் என் தம்பி. கிளிநொச்சியில் ஒரு கராஜில் வேலை செய்துகொண்டிருந்தான். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து, ஞாயிறு பின்னேரம் திரும்புவான். அவன் வந்து வண்டியைச் சுற்றி நடந்தான், கீழே படுத்துப் பார்த்தான், எழும்பி மண்ணைத் தட்டினான், கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி கேட்டான். அதுவரைக்கும் என் கணவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் திரிந்தார்.

"எப்பிடி மச்சான்?"

"அத்தான், இதிலை நல்லது என்ன எண்டு கேளுங்கோ. கெட்டதைச் சொல்ல வெளிக்கிட்டால் நாளைக்கு பஸ் போயிடும்."

"சரி, நல்லது என்ன?"

"அடிச்சட்டம் நல்லம். நல்ல இரும்பு. மேலை இருக்கிறது ஒண்டையும் கணக்கிலை எடுக்காதேங்கோ."

என் கணவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பக்கத்துக் காணிக்காரர் வந்தபோது, "என்ரை மச்சான் பார்த்திட்டான், நல்ல இரும்பாம்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நான் பொறுமையாகச் சொல்கிறேன். அப்போது அவ்வளவு பொறுமையாக இருக்கவில்லை. எஞ்சினைப் பாலை மரக் கொம்பில் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். துரு ஏறி இறுகிப்போன பிஸ்டன்களை இளக்குவதற்கு எண்ணெய் விட வேண்டும் என்றான் தம்பி. நான் தலைக்கு வைக்க வடித்து வைத்திருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் காணாமல் போயிற்று. கேட்டபோது, "எஞ்சின் பிறகு திருப்பித் தரும்" என்றார் என் கணவர். பெற்றோல் வடிக்க, மா சலிக்கும் என் அரிதட்டுப் போனது. நட்டுகளையும் திருகாணிகளையும் பரப்பி வைக்க, அரிசி புடைக்கும் சுளகு போனது. சேலை ஒன்று கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அது பழையது என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். ஒருநாள் குசினிக்குள் வந்து என் பெரிய சட்டியை என் கணவர் கண்ணால் அளந்துகொண்டு நின்றார். நான் அதை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வேலை ஒரு கோடை முழுவதும் போனது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போன விஷயம் ஒன்றும் இல்லை. இவருக்கு எதையும் பூட்டிப் பார்த்துவிட்டு யோசிக்க வேண்டும். அவனுக்கு யோசித்து முடிக்காமல் ஒரு திருகாணியையும் தொட முடியாது. கழற்றிய சாமானை அவன் வரிசையாக வைத்துவிட்டுப் போவான். கிழமை நாட்களில் இவர் அவற்றைத் துடைத்து வேறு வரிசையில் வைப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலை மரத்தடியில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருந்து வேலை செய்வார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோனால் இருவரும் என்னோடு மட்டும் கதைப்பார்கள்.

"அக்கா, அத்தானிட்டைக் கேளுங்கோ, இதிலை இருந்த சின்ன வளையம் எங்கை எண்டு."

"இஞ்சாரும், உம்மடை தம்பிக்குச் சொல்லும், வளையத்தைக் காகம் தூக்கிக்கொண்டு போட்டுது எண்டு."

இந்தச் சமயத்தில்தான் முன்தண்டு இல்லை என்பது தெரிந்தது. எஞ்சினின் பலத்தை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய் அது. அது இல்லாவிட்டால் பின் சில்லுகள் இரண்டும் மட்டும்தான் இழுக்கும். "நாலு சில்லு" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதருக்கு அது பெரிய அடி. அன்று இரவுச் சாப்பாட்டில் அவருக்கு ருசி தெரியவில்லை. விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்லாவிக்குக் கிளம்பினார். கொந்தராத்துக்காரர் யோசித்து யோசித்து, கடைசியில் அதை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததாகச் சொன்னாராம்.

பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வண்டித் தண்டு? மணி அடிக்க. அதை ஒரு கம்பியில் கட்டி வேப்ப மரத்தில் தொங்கவிட்டு, இன்னொரு இரும்பால் தட்டிப் பாடம் தொடங்குவார்கள், பாடம் முடிப்பார்கள்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர், ஆனால் மணி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதவர். அந்தச் சத்தம் குளக்கட்டு வரைக்கும் கேட்கிறது, அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் வெளிக்கிடுகிறார்கள், இதற்குக் குறைந்த சத்தம் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த கிழமை என் கணவர் ஒரு தண்டவாளத் துண்டைக் கொண்டுபோனார். தலைமையாசிரியர் தட்டிப் பார்த்து, "இது வயிறு கனத்த சத்தம்" என்றாராம். பிறகு ஒரு கலப்பைக் கொழு. "இது சளி பிடிச்சது." ஒவ்வொரு முறையும் இவர் திரும்பி வந்து முற்றத்தில் இரும்புகளைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். பாட்டுக் கச்சேரிக்கே போகாத மனிதர்.

"உங்களுக்குச் சுதி பிடிபட்டிட்டுது," என்றேன். "ஒரு தம்புராவும் வாங்குவமோ?"

"நீர் பகிடி பண்ணும். அந்தாளுக்கு நல்ல காது. அதுதான் பிரச்சினை."

கடைசியில் தம்பிதான் கிளிநொச்சியிலிருந்து ஒரு பழைய பஸ்ஸின் பிறேக் ட்ரம்மைக் கொண்டுவந்தான். தட்டினால் கோயில் மணி தோற்றுப்போகும். தலைமையாசிரியர் அதை மூன்று தரம் தட்டி, கண்ணை மூடிக் கேட்டு, தண்டை அவிழ்த்துக் கொடுத்தார். அதோடு நிற்காமல், தண்டு வண்டியில் ஓடுவதைத் தனக்கு ஒருநாள் காட்ட வேண்டும் என்றும் கேட்டாராம்.

தண்டு வந்தபின் வேலை வேகமாக நடந்தது. பின்தட்டுக்கு முதிரைப் பலகை அடித்தார்கள். சுமை தாங்குவதற்காக, சில்லுகளுக்கு மேலிருந்த வில்லுத் தகடுகளைக் கூட்டினார்கள். பின்னால் சட்டத்தோடு சேர்த்து ஒரு பெரிய கொழுக்கி பூட்டினார்கள். ட்ரெய்லர் கொழுவவும் மற்ற வண்டிகளை இழுக்கவும் அது. சேற்றுக்குள் போகும்போது ரயரைச் சுற்றிக் கட்டுவதற்குச் சங்கிலியும் வெட்டி வைத்தார்கள். பின்பக்கம் பார்க்க நன்றாகவே இருந்தது. முன்பக்கத்தைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லவில்லை.

பிறேக் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பிறேக்கின் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியே எடுக்க வேண்டுமாம். தம்பி ஒவ்வொரு சில்லின் அடியிலும் படுத்திருந்து ஒரு திருகாணியைத் திறந்து மூட, மேலே ஒருவர் பிறேக்கை மிதித்து மிதித்து விட வேண்டும். என் கணவர் போத்தலிலிருந்து எண்ணெய் ஊற்றும் உத்தியோகத்தை எடுத்துக்கொண்டார். அதனால் நான் ஏறினேன்.

"மிதியுங்கோ அக்கா. பிடிச்சுக்கொண்டு இருங்கோ. ம். விடுங்கோ."

ஒரு காலை நேரம் முழுக்க மிதித்தேன், விட்டேன். அதற்கு அடுத்த கிழமை கிளச்சைச் சரிபார்க்க மறுபடி நான். வலக் காலுக்கு என்ன, இடக் காலுக்கு என்ன, எதை எவ்வளவு விட்டால் வண்டி நகர எத்தனிக்கும் என்பதெல்லாம் அப்படி இருந்து இருந்து எனக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் படிப்பிக்கவில்லை. நானும் படிக்க நினைக்கவில்லை. குசினியில் அடுப்பு எரிவதைப் பார்க்காமலே எரிகிறதா இல்லையா என்று தெரியும் அல்லவா, அது போல.

வண்டி ஓடத் தொடங்கியதும் முதற்பயணம் ஒட்டுசுட்டான் சிவன் கோயிலுக்கு. அவர் இடது பக்கம் இருந்து ஓட்டினார். நான் வலது பக்கம் இருந்தேன். கூட்டிய வில்லுத் தகடுகளின் புண்ணியத்தில் வீதியிலிருந்த ஒவ்வொரு கல்லும் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. எதிரே வந்தவர்களெல்லாம் எங்களை ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்று, திரும்பியே பார்த்தார். சேலை நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் சரிபார்த்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் விஷயம் விளங்கிற்று. எங்கள் பக்கத்துக் காணிக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப பழகினனீங்கள்? பயமில்லையோ?" என்று கேட்டா. ஊரில் எல்லா வண்டிக்கும் ஓட்டுகிறவர் இருப்பது வலது பக்கம். வலது பக்கம் இருந்தது நான். தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஸ்டியரிங்கா தெரியும்?

"ஐயோ, நான் ஓட்டேல்லை. இவர்தான்."

"ஓமோம்," என்றா அவா, நம்பாமல். "அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலை இருந்தவர் எண்டு என்ரை மனுசன் கண்டிட்டுச் சொன்னார்."

என் கணவருக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஒரு கோடை முழுக்க உழைத்துத் திருத்திய வண்டியில் தான் சும்மா இருந்து போனதாக ஊர் பேசுகிறது. திரும்பி வரும்போது ஆட்களைக் கண்ட இடத்திலெல்லாம் தலையை வெளியே நீட்டி, தேவையில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார்.

ட்ரெய்லர் பூட்டி நெல் ஏற்றியதில் எங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் நல்ல உதவி. ஆனால் அவருடைய மனம் அதில் நிறையவில்லை. கொழுக்கியில் இன்னொரு வண்டியைக் கொழுவி இழுக்க வேண்டும். அதற்கு யாராவது புதைய வேண்டுமே. வீதியோரத் தேத்தண்ணிக் கடையில் சொல்லி வைத்தார்: "ஆரும் எங்கையாவது தாண்டுபோனால் உடனே சொல்லி அனுப்புங்கோ." மழை இருட்டினால் முகம் மலரும். வீதியில் லொறி ஒன்று இரைந்துகொண்டு போனால் எழும்பி வாசல் படலைக்குப் போய், அது புதையாமல் கடந்து போகிற சத்தம் கேட்டபின் மெதுவாகத் திரும்பி வருவார்.

"மற்றவைக்குக் கெடுதல் வரவேணும் எண்டு நேர்த்தி வைக்காதேங்கோ," என்பேன்.

"கெடுதல் வரவேணும் எண்டு ஆர் சொன்னது? வந்தால் நான் இருக்கிறன் எண்டுதானே சொல்லுறன்."

மாரி வந்தது. அந்த முறை நல்ல மழை. குளம் நிறைந்து, வீதியில் பல இடத்தில் வெள்ளம் ஏறி, பஸ் ஓட்டம் நின்றது. வந்திருந்த தம்பியும் கிளிநொச்சிக்குத் திரும்ப முடியாமல் எங்களோடு தங்கிவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, நான் முழுகிவிட்டு வந்து அடுப்பு மூட்டும்போது, படலையில் ஒருவர் குடையில்லாமல் நின்று கூப்பிட்டார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கழுத்தில் சிலுவை தொங்கிற்று. முல்லைத்தீவுக் கரையில் வள்ளங்களும் கரைவலையும் வைத்திருக்கிற ஒரு சம்மாட்டியார்.

"தம்பி, லொறி இழுக்கிற வண்டி இஞ்சையோ இருக்குது?"

பரந்தன் ரயிலுக்கு மீன் ஏற்றிப் போன அவருடைய லொறி, எங்கள் வீட்டுக்கு முந்திய, வெள்ளம் வீதிக்கு மேலால் பாயும் தாம்போதியில் கரை தவறி, பின்சில்லு ஒன்று கீழே இறங்கி நிற்கிறதாம். லொறியை ஓட்டி வந்த றைவர் உதவி தேடிப் புதுக்குடியிருப்புப் பக்கம் போய்விட்டானாம். ஐஸ் கரைந்துகொண்டிருக்கிறது.

அவர் சொல்லி முடிக்கவில்லை, என் கணவர் வண்டிக்கு முன்னால் நின்றார். வண்டியின் பற்றரிக்கு எஞ்சினை எழுப்ப வலு போதாது. முன்பக்கம் ஹாண்டில் போட்டுச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்ப வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் ஹாண்டிலைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது திருப்பி அடிக்கும் என்று தம்பி அவருக்குச் சொல்லாத நாள் இல்லை. சந்தோஷத்தில் இருக்கிறவருக்கு விரல் எங்கே நினைவு வரும்? ஹாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிப் பின்பக்கமாக உதறியது. அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் குந்தினார்.

மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. நான் துணி கிழித்துக் கட்டினேன்.

"படுங்கோ. தம்பி போய் இழுத்துக் குடுத்திட்டு வரட்டும்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை வாழ்நாளில் மறக்க மாட்டேன். கல்யாணத்தன்று மாப்பிள்ளையை வீட்டில் இருக்கச் சொன்னது போல. "கையிலைதானே அடி. கண்ணிலை இல்லையே," என்றார். சரி, லொறியை எடுத்து விட்டதும் அப்படியே ஆஸ்பத்திரிக்கும் போகலாம் என்று நானும் ஏறினேன். தம்பி ஓட்டினான். நாங்கள் மூன்று பேரும் முன்னால் நெருக்கியடித்துக்கொண்டும், சம்மாட்டியார் பின்தட்டில் நின்றுகொண்டும் போனோம்.

தாம்போதியில் தண்ணீர் முழங்கால் அளவில் ஓடிக்கொண்டிருந்தது. லொறி ஒரு பக்கம் சரிந்து, எங்களைப் பார்த்தபடி நின்றது. தம்பி வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தி, ரயர்களுக்குச் சங்கிலி சுற்றி, கொழுக்கியிலிருந்து லொறிக்கு வடம் போட்டான். எல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவனுக்கு ஒன்று யோசனை வந்தது.

"லொறிக்குள்ளை ஆர் இருக்கிறது? ஸ்டியரிங் நேராய்ப் பிடிக்காட்டில் மற்றச் சில்லும் இறங்கிடும்."

சம்மாட்டியார் கையை விரித்தார். "தம்பி, கடலிலை எந்த வள்ளத்தையும் தாங்கோ. இது எனக்குத் தெரியாது."

லொறியில் தம்பி இருந்தாக வேண்டும். என் கணவருக்கு வலது கை இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்று ஆண்களும் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு தம்பி என்னைப் பார்த்தான்.

"அக்கா, அண்டைக்குக் கிளச் மிதிச்ச மாதிரித்தான். அதை விட ஒண்டும் இல்லை."

"எனக்கு மிதிக்கத்தான் தெரியும். ஓட்டத் தெரியாது."

"ஓட்டவே வேண்டாம். மெதுவா விடுங்கோ, அதுவே போகும்."

சேலையைச் சொருகிக்கொண்டு இடது பக்கம் ஏறினேன். என் கணவர் வலது பக்கம். உள்ளே வந்து இருந்ததுமே அவர் வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

"இஞ்சாரும், கியர் நான் போடுறன். என்ரை இடக்கை நல்லம்தானே. நீர் காலை மட்டும் பாரும். நான் சொல்லேக்கை விடும். விடு எண்டு சொன்னவுடனை முழுக்க விடக்கூடாது. ஆனால் விடாமலும் இருக்கக்கூடாது."

முதல் முறை அவர் போட்ட கியர் எதுவோ எனக்குத் தெரியாது. நான் விட்டதும் வண்டி ஒரு துள்ளுத் துள்ளி நின்றுபோயிற்று. சம்மாட்டியார் தண்ணீருக்குள் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். தம்பி லொறியிலிருந்து இறங்கி வந்து, ஹாண்டிலைச் சுழற்றி மறுபடி எஞ்சினை எழுப்பிவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சின்னக் கியரைத் தானே போட்டான். "அத்தான், இதை இனித் தொடாதேங்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

இரண்டாம் முறை என் கணவர் "விடும், விடாதேயும், இப்ப விடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் அவர் குரலை விட்டுவிட்டு எஞ்சினின் குரலைக் கேட்டேன். காலை மெல்ல மெல்ல உயர்த்தினேன். வண்டி முதலில் முக்கியது. வடம் இறுகியது. முன் சில்லுகள் நிலத்தைப் பிடிப்பது என் கைக்குத் தெரிந்தது. ஸ்டியரிங் உயிருள்ள ஒன்றைப் போல நடுங்கிற்று. பிறகு, நடக்கப் பழகுகிற எருமைக் கன்றைப் போல அசைந்து அசைந்து முன்னே போகத் தொடங்கினோம். பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு நடுவில் ஒரு சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

"வருகுது," என்றார் என் கணவர், கழுத்தைத் திருப்பி. வகுப்பு நின்றுபோய், சாதாரணக் குரலில். "இஞ்சாரும், வருகுது."

மேட்டுக்கு வந்தபின் நிறுத்தினேன். நிறுத்த எதை மிதிக்க வேண்டும் என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்.

சம்மாட்டியார் ஓடி வந்தார். என் கணவரின் பக்கத்து ஜன்னலுக்குத்தான் முதலில் வந்தார், வழக்கமாக ஓட்டுகிறவர் இருக்கிற பக்கம் அதுதானே. பிறகு சுற்றிக்கொண்டு என்னிடம் வந்து, "பிள்ளை, நல்லாயிருப்பாய்," என்றார். லொறியின் பின்னால் ஏறி, ஒரு முழுப் பாரை மீனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முதிரைப் பலகையில் கிடத்தினார்.

வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. என் கணவர் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"அடி பட்ட ஆள் வெள்ளி பார்க்கத் தேவையில்லை எண்டு சொல்லுவினம்," என்றார் மெதுவாக.

"ஆர் சொல்லுவினம்?"

 மீன், வெள்ளி பார்க்காத பக்கத்துக் காணிக்காரரின் வீட்டுக்குப் போனது. மாலையில் அங்கிருந்து வந்த வாசத்துக்கு என் கணவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். கட்டு அவிழ்க்கும்வரை வயல் பாதையில் நெல் மூட்டைகளை நானே இழுத்தேன். பக்கத்தில் அவர் இருந்து, இடக்கையால் வழி காட்டுவார். வழி நேராகத்தான் இருக்கும், இருந்தாலும் காட்டுவார். தேத்தண்ணிக் கடையில் அவர் சொன்ன கதையில், "நாங்கள் இழுத்தம்" என்று இருந்தது. கொஞ்ச நாள் போக, "நான் கியர் போட்டன், அவா காலை வைச்சவா" என்று ஆயிற்று. நான் மறுக்கவில்லை. ஊர் எப்படியும் என்னைத்தான் சொல்லிற்று, முன்பே சொல்லிப் பழகியிருந்ததால்.

பிறகு கிளிநொச்சிக்குப் போய் லைசென்ஸும் எடுத்தேன். சோதிக்க வந்த உத்தியோகத்தர் பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து என்னை ஏறச் சொன்னார். நான் மற்றப் பக்கத்தால் ஏறி இருந்தபின்தான் அவருக்கு விளங்கியது. சந்தைத் தெருவில் ஒரு சுற்று. அவர் கதவை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வண்டி கொஞ்சம் இறுக்கம்," என்றார்.

அடுத்த கோடையில் சம்மாட்டியாரின் மகளுக்குக் கல்யாணம். சொல்லி அனுப்பாமல் அவரே வந்து அழைத்தார். தம்பியையும் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போனோம். முழுத்தூரமும் நான்தான் ஓட்டினேன். அதற்குள் எனக்கு வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. கடற்கரைப் பக்கம் திரும்பியதும் தம்பி சொன்னான், "அக்கா, மணலுக்குள்ளை இறங்கமுந்தி ரயரிலை காத்தைக் குறைக்கவேணும்."

"களியிலையே போனது, மணல் என்ன மணல்," என்றேன்.

மணல் களியைப் போல இல்லை. சம்மாட்டியார் வீட்டுப் பந்தல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டி வேகம் குறைந்தது. நான் வேகம் கொடுத்தேன். அது கீழே இறங்கியது. இன்னும் கொடுத்தேன். இன்னும் இறங்கியது. கதவைத் திறந்தபோது கதவின் அடி மணலை வழித்தது.

என் கணவர் இறங்கினார். சால்வையைச் சரிசெய்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார்.  அந்த மனிதர் அவ்வளவு அழகாக மௌனம் காப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

கரைவலை இழுக்கிறவர்கள் வந்தார்கள். வலைக் கயிற்றையே கொண்டுவந்து முன்னால் கட்டி, இரண்டு வரிசையாக நின்று, மீன் வலை இழுப்பது போலவே அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். ஒருவர் முன்னே பாட மற்றவர்கள் தொடருவார்கள். முன்னே பாடினவர் அடிகளை அந்த இடத்திலேயே கட்டிக்கொண்டு போனார். அதில் வன்னிக்காட்டு வண்டியும் வந்தது, கொண்டை போட்ட றைவரும் வந்தா. பந்தலில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நான் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்துக்கொண்டு இருந்தேன். வெளியே என் கணவரும் கயிற்றைப் பிடித்து, எல்லோரையும் விட உரக்கத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

அன்று சனிக்கிழமை. வாழையிலையில் நண்டுக் குழம்பும் பாரைப் பொரியலும் இருந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு என் கணவர் தாம்போதிக் கதையைச் சொன்னார். புதிதாக வந்தவர்களுக்கு மணல் கதையை முதலிலும் தாம்போதிக் கதையைப் பிறகும் சொன்னார். சாப்பிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்து, விடைபெற்று வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வண்டியடிக்கு வந்து பார்த்தால், அவர் எங்களுக்கு முந்தி வந்து, ஒவ்வொரு ரயராகக் குந்தி இருந்து காற்றைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஓட்டுங்கோ," என்றேன்.

"இல்லை, நீரே ஓட்டும்," என்றார், எழும்பிக் கையைத் தட்டியபடி. "நான் நல்லாய்ச் சாப்பிட்டிட்டன். எனக்கு நித்திரை வருகுது."

பெரிய வீதிக்கு ஏறியதும் நிறுத்தி, மூன்று பேரும் மாறி மாறிப் பம்ப் அடித்தோம். பிறகு அவர் உண்மையாகவே தூங்கிப்போனார், அந்த வில்லுத் தகடுகளின் குலுக்கலுக்கு நடுவிலும்.